மேற்குச் சரிவில் நான்கு கம்பங்கள்

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. இரண்டு ஏக்கர் என்பது பத்திரத்தில். ஏறி இறங்கி நடந்து பார்த்தால் முழங்கால் நாலு ஏக்கர் என்று சொல்லும். ஒரு கட்டிலை நாலு காலும் தரையில் படும்படி போட அந்த நிலத்தில் இடம் கிடையாது. வீடு கட்டின கொத்தனார் முன்வாசலுக்கு ஒரு படி வைத்தார். பின்வாசலுக்கு ஒரு மாடிப்படியே வைத்துவிட்டு, "இதுக்கு மேல என்னால ஆகாதுங்க" என்று கும்பிடு போட்டுப் போனார். இந்த நிலத்தில் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், சதுரமாக நான்கு ஆன்டெனாக் கம்பங்களை நட்டுவிடுவோம் என்று சேலத்து ஹாம் ரேடியோ சங்கத்தார் இரண்டு கார் நிறைய ஏறி வந்தார்கள். வரச் சொன்னது நான்தான். எனக்கு அன்று வேறு வழி தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஒன்றில் ரைட்டர். பகலில் காப்பி மூட்டைக்குக் கணக்கு எழுதுவார். மற்ற நேரமெல்லாம் ரேடியோ. பாட்டுக் கேட்கிற ரேடியோவை நினைத்துக்கொள்ள வேண்டாம். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, வீட்டிலேயே ஒரு நிலையம் வைத்துக்கொண்டு, உலகத்தில் அதேபோல உரிமம் வாங்கி உட்கார்ந்திருக்கிறவர்களோடு பேசுகிற ரேடியோ. காலணா வரும்படி கிடையாது. "கையில போன் இருக்குதே, இது எதுக்குங்க" என்று கேட்டால் ஹாம்காரர்களுக்கு முகம் கடுத்துவிடும். நான் ஏற்காடு டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்தவள். நாளெல்லாம் ஊரைப் பேச வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இந்த மனிதர் யாரோ ஒருத்தரோடு நாலு வார்த்தை பேச ஒரு மணி நேரமாகத் தொண்டை வறளக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு தொல்லை தாங்காமல் நானும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினேன். அடித்துக்கொண்ட தலைதான், அதிலேயே ஹெட்போனையும் மாட்டிக்கொண்டேன்.

அவர் பேசியவர்களில் ஒருத்தர் மட்டும் நிலையாக நின்றார். பிரேசில் நாட்டில் ஏதோ ஒரு காப்பி ஊர்க்காரர். நமக்கு விடிகிற நேரம் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் இரண்டு ஊருக்கும் வழி திறக்கும். வெயில் ஏறினால் மூடிவிடும். தினமும் அதே நேரம், டயலில் அதே இடம். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஐம்பது இங்கிலீஷ் வார்த்தை இருக்கும். அதை வைத்துக்கொண்டு இருபது வருஷம் குடித்தனம் நடத்தினார்கள். மழை, காப்பி விலை, ஆன்டெனா. எனக்குத் தெரிந்து நாலாவது விஷயம் பேசவில்லை. இவருக்கு அது போதுமாக இருந்தது. என்னோடு அவ்வளவு பேசியிருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். அதே மழையில், சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் அவர் கட்டியிருந்த கம்பி மரத்தோடு சாய்ந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, பக்கத்தில் இருந்த குட்டை மரத்தில் நான் ஒரு கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிரேசில்காரருக்குச் சேதி சொல்ல வேண்டும். சாவுச் சேதியை எங்கள் பக்கம் ஆள் விட்டுத்தான் சொல்வோம். போனில் சொன்னால்கூட "போன்ல சொல்லிட்டா பாரு" என்று பத்து வருஷம் பேசுவார்கள். கார்டு அடிப்பது கருமாதிக்கு. அவ்வளவு தூரம் ஆள் விட முடியாது. என் வாயால் சொல்வதுதான் ஆள் விட்டது போல. இருபது வருஷம் விடியற்காலையில் வந்து நின்ற மனிதருக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஹாம் பாஷையில் அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது. ஒருத்தர் செத்துப்போனால் 'சைலன்ட் கீ' ஆகிவிட்டார் என்பார்கள். உலகம் பூராவும் அதுதான். போர்த்துக்கீசியம் தேவையில்லை. நான் அந்த இரண்டு வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து இரைச்சலுக்குள் மெல்லிசாக ஒரு குரல் வந்தது. "ஃபைவ் நைன். வெரி குட்."

என் புருஷன் செத்துப்போனார் என்று சொன்னதற்கு வெரி குட் என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

இந்த ஃபைவ் நைன் கதையைச் சொல்லியாக வேண்டும். ஹாம்காரர்கள் பேச ஆரம்பித்ததும் ஒருத்தருக்கொருத்தர் மார்க் போட்டுக்கொள்வார்கள். உன் பேச்சு எவ்வளவு தெளிவு, அதற்கு ஐந்துக்கு; எவ்வளவு பலம், அதற்கு ஒன்பதுக்கு. ஐந்தும் ஒன்பதும் என்றால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கிறது என்று அர்த்தம். நியாயமாகப் பார்த்தால் பத்தில் ஒருத்தருக்குத்தான் அது கிடைக்க வேண்டும். ஆனால் எல்லாரும் எல்லாருக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். குறைத்துக் கொடுத்தால் மரியாதைக் குறைவாம். "நீங்க ஃபைவ் நைன், அருமை அருமை. பேர் என்னங்க, ஊர் எதுங்க, ஒண்ணும் கேக்கல, மறுபடி சொல்லுங்க" என்பார்கள் ஒரே மூச்சில். கல்யாண வீட்டில் சாம்பாரை வாயில் வைக்காமலே பிரமாதம் என்று சொல்கிறவர்கள் உண்டல்லவா, அந்த ஜாதி.

பிரேசில்காரருக்கு என் பேச்சு இரைச்சலில் ஒரு முனகலாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நேரம் அதே நேரம், இடம் அதே இடம். வேறு யார் வரப்போகிறார்கள்? கொஞ்ச நாளில் எனக்கு விஷயம் புரிந்தது. இரைச்சல் அடங்குகிற நொடியில் அவர் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வது கேட்டது. நான் சொல்ல, அவர் கேட்காமலே மார்க் போட, இரண்டு வருஷமாக அந்த மனிதர் செத்தவரோடு பேசிக்கொண்டிருந்தார். மைக்கின் இந்தப் பக்கம் நான் ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் காப்பியைச் சுடவைத்துக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவேன்.

அப்படியே ஓடியிருக்கும். போன வருஷம் பழம் சிவக்கிற சமயத்தில் அவர் பேச்சில் புதிதாகச் சில வார்த்தைகள் வர ஆரம்பித்தன. மகள், அப்பார்ட்மென்ட், ஆன்டெனா இல்லை, கிறிஸ்துமஸ், ஃபினிஷ். இதைத் துண்டு துண்டாகச் சேர்க்க எனக்கு ஒரு வாரம் ஆனது. வயதான காலத்தில் மகள் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள், அங்கே மொட்டை மாடியில் கம்பி கட்ட விட மாட்டார்கள், கிறிஸ்துமஸோடு சரி. அதற்குள் என் குரல் அவர் காதில் ஒரு தடவையாவது ஒழுங்காக விழ வேண்டும். விழாவிட்டால் என் வீட்டுக்காரர் செத்தது தெரியாமலே அவர் பெட்டியைக் கட்டிவிடுவார். 'கடைசி நாளில்கூட அவன் ஒழுங்காக வழியனுப்பவில்லை' என்று நினைத்துக்கொண்டு போவார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் சங்கத்தாரைக் கூப்பிட்டேன்.

சங்கத் தலைவர் சேலத்தில் பம்பு மோட்டார் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். கூட வந்தவர் ஒரு என்ஜினியரிங் காலேஜ் பேராசிரியர். அவர் லேப்டாப்பைக் காப்பிக் களத்தில் விரித்துவைத்து, நான்கு கம்பங்களைச் சதுரமாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் அலையைக் கொஞ்சம் முன்பின்னாகக் கொடுத்தால் மொத்த பலமும் ஒரே திசையில் போகும் என்று படம் காட்டினார். வீட்டுக்குள் ஒரு குமிழைத் திருகினால் திசை மாறும். மேற்கே வைத்தால் நேராகப் பிரேசில். படம் அழகாகத்தான் இருந்தது. அந்தப் படத்தில் தரை கண்ணாடி மாதிரி இருந்தது.

"ஏனுங்க சார், எங்க நெலம் இப்பிடி இல்லீங்களே" என்றேன்.

"அதச் சமம்னு அஸ்யூம் பண்ணிக்கலாங்கம்மா."

அஸ்யூம் பண்ணிக்கொண்டு அவர் இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியில் மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

தலைவர் அதற்கும் மேலே போனார். சரிவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒரு ஜேசிபி ஏத்துனா அரை நாள்ல மட்டம் பண்ணிரலாங்கம்மா. நம்ம பையன் ஒருத்தன் வெச்சிருக்கான்" என்றார். பழம் சிவந்து நிற்கிற காப்பிச் செடிக்கு நடுவே நின்றுகொண்டு சொல்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "செடில கைய வெச்சீங்கன்னா நான் கவாத்துக் கத்திய எடுப்பனுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மேற்கே சரிந்து இறங்குகிற நிலம் மேற்கே பேசுவதற்கு ஒரு வரம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். மலையேறி வந்து மலையைச் சமமாக்கப் பார்த்த ஆட்களிடம் அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

ஜேசிபிப் பேச்சு போனது, மட்டத்துப் பேச்சு போகவில்லை. நான்கு கம்பங்களின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அலை ஒழுங்காகக் கிளம்பும், இல்லாவிட்டால் நொண்டும் என்று தலைவர் ஒரே பிடியாக நின்றார். அதெல்லாம் வேண்டாம், கம்பங்கள் ஒரே நீளமாக இருந்தால் போதும், கால் தரை எங்கே இருக்கிறதோ அங்கே நிற்கட்டும் என்றார் பேராசிரியர். தலையா காலா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் போனது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கிற தண்ணீர்க் குழாயைத் தலைவர் கொண்டுவந்திருந்தார். ஒரு முனையை மேலே ஒருத்தர் பிடிக்க, மறுமுனையைக் கீழே ஒருத்தர் பிடிக்க, தண்ணீர் பாதி என் செடிக்குப் பாய்ந்தது. மத்தியானம் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்ததும் சமாதானம் வந்தது. மேலே உள்ள இரண்டு கம்பம் பேராசிரியர் முறைப்படி, கீழே உள்ள இரண்டு தலைவர் முறைப்படி. ஆகவே கீழ்க்கம்பம் ஒன்று, இடுப்பளவு கருங்கல் மேடையில் ஏறி நின்றது. அரசியல்வாதிக்குச் சிலை வைக்கப் போகிறார்கள் என்று வழியில் போனவர்கள் நினைத்திருப்பார்கள்.

டேப் பிடித்து அளக்கும்போதும் இதே கூத்து. பேராசிரியர் டேப்பை அந்தரத்தில் மட்டமாகப் பிடித்து அளந்தார். தலைவர் தரையோடு தரையாகச் சரிவில் படுக்கப்போட்டு அளந்தார். இரண்டு பேரும் தங்கள் தங்கள் கம்பத்தை நட்டார்கள். கடைசியில் அது சதுரமும் இல்லை, சப்பட்டையும் இல்லை. பேராசிரியர் தூரத்தில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு "பரவால்லீங்க" என்றார். அந்த ஒரு கண்ணால் பார்த்தால் எதுவும் பரவாயில்லாமல்தான் தெரியும்.

பக்கத்து நிலத்துக்காரம்மா வேலியோரம் வந்து நின்றாள். சாமையும் பலாவும் கொஞ்சம் காப்பியும் வைத்துப் பிழைக்கிறவள். அவர்கள் மலையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். அவள் வீட்டில் போன் பேச வேண்டுமானால் பாறை மேல் ஏற வேண்டும்.

"ஏனுங்கக்கா, டவரு வருதுங்களா?" என்று கேட்டாள். முகத்தில் அவ்வளவு ஆசை.

"டவர் இல்லீங்க. இது எங்க ரேடியோவுக்கு."

"ரேடியோவுக்கு இத்தன கம்பமுங்களா? எங்கூட்டு ரேடியோவுல ஒரே ஒரு கம்பிதானுங்க இருக்குது. அதுலயே பாட்டு நொம்ப நல்லாக் கேக்குதுங்க."

தலைவர் அவளுக்கு விளக்கம் சொல்லப் போனார். அலை, நீளம், கோணம் என்று வெகுநேரம் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப டவரு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்தது தரைக்கம்பி. ஒவ்வொரு கம்பத்தின் அடியிலிருந்தும் நாலாபுறமும் கம்பிகளை விரித்துப் போட வேண்டும், வேர் மாதிரி. அது இல்லாவிட்டால் பாதி பலம் மண்ணுக்குப் போய்விடும். தலைவர் தன் கடையிலிருந்து மோட்டார் காயில் சுற்றுகிற செம்புக் கம்பியை உருளை உருளையாகக் கொண்டுவந்து இறக்கினார். தாராளம் என்று சொன்னேன் அல்லவா. ஆனால் அந்தக் கம்பி மேல் எனாமல் பூச்சு இருக்கும். ஒவ்வொரு முனையிலும் அதைச் சுரண்டி எடுத்தால்தான் மின்சாரம் ஓடும். சங்கத்துப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் என் வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பிளேடால் கம்பி சுரண்டினார்கள். பலாக்கொட்டை உரிக்கிறது மாதிரி இருந்தது. அந்த ஒரு மத்தியானம் மட்டும் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது.

மறுவாரம் காட்டெருமை வந்தது. எங்கள் பக்கம் அது வருவது அதிசயமில்லை. கீழ்க்கம்பத்தைச் சுற்றிப் போட்டிருந்த கம்பியில் பாதியைக் காலால் வாரிக் கொம்பில் சுற்றிக்கொண்டு தலைச்சோலைப் பக்கம் போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். சங்கத்துக்கு ஒரு நடமாடும் நிலையம் கிடைத்தது. தலைவர் மறுபடி உருளையோடு ஏறி வந்தார். இந்தத் தடவை கம்பியை மண்ணில் கீறிப் புதைத்தோம்.

கடைசி வேலை, நான்கு கம்பத்திலிருந்தும் வருகிற கேபிள்களை நடுவில் உள்ள பெட்டியில் சேர்ப்பது. பேராசிரியர் மேலேயிருந்து கீழே சேர்த்துக்கொண்டு வந்தார். பாதியில் மறுபடி தலை மட்டத்துப் பேச்சு வந்து, அவர் கோபித்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டார். தலைவர் கீழேயிருந்து மேலே சேர்த்து முடித்தார். நடுவில் எது எதனோடு சேர்ந்தது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் குமிழை மேற்கில் வைத்து, அதன் மேல் டேப் ஒட்டி, "தொடாதீங்கம்மா, இனி கனெக்சன் நேரா பிரேசில்தான்" என்றார் தலைவர்.

கம்பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராக மைக்கைப் பிடித்தார்கள். கேரளாவிலிருந்து ஒருத்தர், ஃபைவ் நைன். குஜராத்திலிருந்து ஒருத்தர், ஃபைவ் நைன், பிரமாதம். இலங்கையிலிருந்து ஒருத்தர், இப்படி ஒரு சிக்னலை வாழ்நாளில் கேட்டதில்லை என்றார். ஆளாளுக்குக் கைகொடுத்துக்கொண்டு, லட்டுத் தின்றுவிட்டு, மலையிறங்கினார்கள்.

மறுநாள் விடியற்காலையில் நான் பிரேசிலைக் கூப்பிட்டேன். குட்டை மரத்துக் கம்பியில் முனகலாகவாவது வந்துகொண்டிருந்த குரல், இப்போது முனகலாகவும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. வாரம் ஒன்று ஓடியது. எக்சேஞ்சில் இருந்தபோது லைன் வரவில்லை என்றால் எங்கே தப்பு என்று தேடாமல் ஒரு நிமிஷம் உட்கார மாட்டேன். இங்கே அத்தனை பேர் ஃபைவ் நைன் கொடுத்துவிட்டார்களே என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஒரு சாயங்காலம் சும்மா ஒரு சோதனை செய்து பார்த்தேன். ரேடியோவின் பலத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன். ஒரு குண்டு பல்புகூட எரியாது. அதே கேரளாக்காரரைக் கூப்பிட்டேன். "ஃபைவ் நைன் சேச்சி, சூப்பர்" என்றார். குஜராத்துக்காரர் நான் சொன்ன ஊர்ப் பெயரை மூன்று தடவை திருப்பிக் கேட்டுவிட்டு ஃபைவ் நைன் என்றார். அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொன்னேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர் வாயைத் திறந்து "உங்க சிக்னல் மோசங்க" என்று சொல்லியிருந்தால் எனக்கு அந்த வாரம் மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் காலையில் குமிழ் மேல் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்து எறிந்தேன். மேற்கு, அங்கே வெறும் இரைச்சல். வடக்கு, கொஞ்சம் இரைச்சல். கிழக்கில் வைத்ததும் பிரேசில்காரர் என் காதுக்குள் இருமினார். இருமலோடு அவர் நாற்காலி கிரீச்சிடுவதுகூடக் கேட்டது. கேபிள் முழுக்க முன்பின்னாக மாறிக் கிடக்கிறது. மேற்கு என்று எழுதியிருக்கிற இடத்தில் வைத்து, ஒரு வாரமாகச் சீனாக்காரனுக்குச் சாவுச் சேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் மைக்கை எடுப்பதற்குள் அவர் முடித்துவிட்டார். நாளைக்குக் கடைசி, நாளைக்கு ஃபினிஷ் என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

தலைவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அது எப்பிடிம்மா தப்பா இருக்கும்? அத்தன பேரு ஃபைவ் நைன் குடுத்தாங்களே."

"அண்ணா, பெட்டிய வந்து பிரிங்கன்னு நான் சொல்லுலீங்க. கெழக்குல வெச்சாக் கேக்குது. நாளைக்கு அதுலயே பேசிக்கறனுங்க."

"ஐயோ, எதையும் தொட்டுறாதீங்க. காலைல நாங்களே வந்தர்றோம்."

இருட்டோடு கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்துவிட்டார்கள். கையில் சங்கத்து பேனர் வேறு. கடைசி நாள் பிரேசிலோடு பேசுவதை போட்டோ எடுத்து குரூப்பில் போட வேண்டுமாம். தலைவர் உள்ளே வந்ததும் முதல் காரியமாகக் குமிழைப் பார்த்தார். "கெழக்குலயாம்மா வெச்சிருக்கீங்க?" என்று பதறி, மேற்கே திருகினார். நான் கிழக்கே திருகினேன். அவர் மறுபடி கையைக் கொண்டுவந்தார். பேராசிரியரும் அவர் பக்கம் நின்று, கிழக்கே வைத்தால் கணக்குப்படி முடியாது என்றார். வாழ்க்கையில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். வெளியே வெளுத்துக்கொண்டு வந்தது. வெயில் ஏறினால் முடிந்தது.

"இது எங்கூடுங்க. கைய எடுங்க" என்றேன்.

எடுத்துவிட்டார்கள். நான் ஸ்பீக்கரைத் திறந்து, மைக்கை அழுத்தி, என் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டேன்.

"ஃபைவ் நைன்" என்றது குரல், வழக்கம்போல. உடனே நின்றது. "நோ, நோ. டுடே... ரியல் ஃபைவ் நைன்."

அறையில் கைத்தட்டல். தலைவர் பேராசிரியரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். யாரோ பேனரை என் தலைக்குப் பின்னால் விரித்தார்கள். அவர்கள் காதில் விழுந்தது சிக்னல், பேச்சு விழவில்லை. இத்தனை வருஷம் பழகிவிட்டுச் சொல்கிறேன், ஹாம்காரர்களுக்குப் பேச்சு என்பது சிக்னல் வந்து சேர்வதற்கு ஒரு சாக்கு. சத்தம் போட வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

பிரேசில்காரர் திணறிக்கொண்டிருந்தார். லேடியா என்று கேட்டார். யாரு என்று கேட்டார். பிறகு என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, அவர் எங்கே என்று கேட்டார்.

நான் மனைவி என்று சொன்னேன். அவர் சைலன்ட் கீ என்று சொன்னேன்.

ஸ்பீக்கரில் வெறும் காற்று. கைத்தட்டல் அப்போதுதான் ஓய்ந்தது. எப்போது என்று அவர் கேட்டார். இரண்டு வருஷம் என்றேன். அந்த ஊரில் ஒரு அறையில் இரண்டு வருஷமாக என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருக்கிறார். தினமும் குட் மார்னிங் வாங்கியிருக்கிறார். இன்றைக்கு, இந்தக் கணத்தில், என் வாயால்தான் போனார். ஒழுங்காக வேலை செய்த நான்கு கம்பத்தையும் அந்த நொடி வெறுத்தேன். சொல்லாமலே விட்டிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

அவர் மைக்கை அழுத்துவதும் விடுவதும் கேட்டது. ஏதோ தன் பாஷையில் ஆரம்பித்தார், நிறுத்தினார். ஐம்பது வார்த்தைக்குள் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதில் துக்கத்துக்கு ஒரு வார்த்தையும் கிடையாது. மழை, காப்பி, ஆன்டெனா, அவ்வளவுதான் அந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் சேர்த்துவைத்தது.

"ஆன்டெனா" என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "வாட் ஆன்டெனா?"

முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு சொன்னேன். நாலு கம்பம் என்றேன். சரிவு, மேற்குச் சரிவு, காப்பிச் செடிக்கு நடுவில் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் "குட், வெரி குட்" என்றார். ஒவ்வொரு குட்டுக்கும் நடுவே மூக்கை உறிஞ்சினார். தரைக்கம்பி உண்டா என்று கேட்டார். உண்டு, புதைத்திருக்கிறோம் என்றேன். அழுதுகொண்டே, கம்பி அலுமினியமா செம்பா என்று கேட்டார்.

"எனாமல் போட்ட செம்புன்னு சொல்லுங்கம்மா" என்றார் பின்னாலிருந்து தலைவர், மெதுவாக.

எனாமல் போட்ட செம்பு என்றேன்.